ஆடும் தளத்தில் இறங்குதல்



மாதிரி ஹெலிகாப்டர் பறக்கவிடுபவர்களும் மாதிரிப் படகு ஓட்டுபவர்களும் ஒரே ஊரில் இருப்பார்கள். ஒரே கடையில் பேட்டரியும் சர்வோவும் வாங்குவார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து எதையும் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஒருவருக்கு வெட்டவெளி மைதானம் வேண்டும், இன்னொருவருக்குக் குளம் வேண்டும். ஹெலிகாப்டர்காரர் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கிப் போவார். விழுந்தால் மோட்டாரும் மின்பலகையும் ஒரே நொடியில் போய்விடும் என்ற கவலை அவருக்கு. மாதக்கணக்கில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பிகளையும் ஏணிகளையும் ஒட்டிய படகுக்காரருக்கோ, அந்தக் கப்பலுக்கு மேலே சுழலும் பிளேடுகள் வருவதை நினைத்தாலே பிடிக்காது.

நீண்ட காலம் சட்டமும் இவர்களைப் பிரித்தே வைத்திருந்தது. பிரிட்டனில் பறக்கும் மாதிரிகளுக்கு 35 மெகாஹெர்ட்ஸ், படகுக்கும் காருக்கும் 40 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வானத்துக்கு 72, தரைக்கும் தண்ணீருக்கும் 75. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்த பிறகுதான் அந்த வேலி விழுந்தது. இன்று ஒரே வகை டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒருவருடைய அலை இன்னொருவருடையதைக் கெடுக்காது. ஆகவே ஒரு சாண்கூட அகலமில்லாத கப்பல் தளத்தில் ஒரு ஹெலிகாப்டரை இறக்குவது பற்றி இன்று பேச விரும்புகிறேன். இதை வெறும் வேடிக்கை என்று நினைப்பவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். இயற்பியலும் கைத்திறனும் இவ்வளவு நெருங்கி வந்து கைகோக்கும் வேறொரு பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

இரண்டில் படகுதான் மூத்தது. 1898-இல் நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பி எதுவும் இல்லாமல் தூரத்தில் இருந்தே திருப்பிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ரேடியோவால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டர் ஒழுங்காகப் பறக்க அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970-இல் தன் மாதிரி ஹெலிகாப்டரால் உலக சாதனைகள் படைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய ஹியூயிகோப்ரா பாகத்தொகுப்பு கடைகளுக்கு வந்தது. ஏன் இத்தனை தாமதம்? படகைச் சும்மா விட்டால் அது மிதந்துகொண்டிருக்கும். ஹெலிகாப்டரைச் சும்மா விட்டால் அது கவிழும். அதை ஒவ்வொரு நொடியும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று தானாக நிலைப்பது, இன்னொன்று தானாக நிலைக்காதது. இந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருவதில்தான் இந்த விஷயத்தின் ருசியே இருக்கிறது.

அசல் கப்பல்களில் இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1934-இல் ஸ்பெயினின் ஹுவான் தெ லா சியர்வா தன் ஆட்டோஜைரோவை வலென்சியாவுக்கு அருகே டெடலோ என்ற கப்பலில் இறக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஃப்ளெட்னரின் கோலிப்ரி ஹெலிகாப்டரை பால்டிக் கடலில் கப்பலில் வைத்துச் சோதித்தார்கள். 1943 மே மாதம் அமெரிக்கத் தரைப்படையின் கர்னல் ஃபிராங்க் கிரெகரி, லாங் ஐலண்ட் சவுண்டில் பங்கர் ஹில் என்ற எண்ணெய்க் கப்பலின் மேல் சிகோர்ஸ்கியின் எக்ஸ்ஆர்-4 ஹெலிகாப்டரை இறக்கினார். இவை எல்லாமே சின்ன எந்திரங்களைக் கொண்டு செய்த முயற்சிகள்.

உண்மையான துணிச்சல் கனடாக்காரர்களுடையது. வட அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கு அவர்களுக்குப் பெரிய ஹெலிகாப்டர் வேண்டியிருந்தது. இருந்ததோ சின்னக் கப்பல்கள். செயின்ட் லாரன்ட் வகுப்பு நாசகாரிக் கப்பல் சுமார் 3,000 டன் எடையுள்ளது, அகலம் 12.8 மீட்டர். அதன் மேல் இறக்க நினைத்த சீ கிங் ஹெலிகாப்டரின் ரோட்டார் விட்டம் 18.9 மீட்டர். கப்பலின் அகலத்தைவிட ரோட்டார் ஆறு மீட்டர் பெரிது! நடுவில் இருந்த புகைபோக்கியை இரண்டாகப் பிரித்து இரு ஓரங்களுக்கும் தள்ளினார்கள். அந்த இடைவெளியில் ஹெலிகாப்டர் கொட்டகையைக் கட்டினார்கள். பிறகு 'பேர்டிராப்' என்ற அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். மேலே நிற்கும் ஹெலிகாப்டர் ஒரு மெல்லிய கயிற்றைக் கீழே விடும். தளத்தில் இருப்பவர்கள் அதில் உறுதியான வடத்தைக் கோத்து மேலே அனுப்புவார்கள். வடம் ஹெலிகாப்டரின் வயிற்றில் பூட்டிக்கொண்டதும் கப்பலில் உள்ள வின்ச் அதை இழுத்துப் பிடிக்கும். கப்பலின் ஆட்டம் தணியும் கணத்துக்காக விமானி காத்திருப்பார். அந்தக் கணம் வந்ததும் இறங்குவார். தளத்தில் உள்ள எஃகுத் தாடைகள் ஹெலிகாப்டரின் அடிக்கம்பை 'டக்' என்று கவ்விக்கொள்ளும். 1963-இல் அசினிபோயின் கப்பலில் இதன் சோதனைகள் தொடங்கின. நம் கடற்படையும் பம்பாயின் மசகான் டாக்கில் கட்டிய லியாண்டர் வகைக் கப்பல்களில் கடைசி இரண்டான தாராகிரியிலும் விந்தியகிரியிலும் சீ கிங்கை ஏற்றுவதற்கு இந்தக் கனடா அமைப்பையே வாங்கிப் பொருத்தியது.

'ஆட்டம் தணியும் கணத்துக்காக விமானி காத்திருப்பார்' என்று சொன்னேன். அந்த ஒரு வரியில்தான் இன்றைய பேச்சின் முடிச்சு இருக்கிறது. கடலில் எந்தக் கப்பலும் ஒரே சீராக ஆடிக்கொண்டே இருப்பதில்லை. பெரிய ஆட்டங்கள் சில வரும். பிறகு சில நொடிகள் ஓய்ந்திருக்கும். அந்தச் சில நொடிகள் போதும், சீ கிங் இறங்கிவிடும். இப்போது இதே கப்பலை 96-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கிக் குளத்தில் விட்டால் அந்த ஓய்வு எவ்வளவு நேரம் இருக்கும்?

இதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870-களின் தொடக்கத்தில் டார்கீயில் தன் வீட்டருகே ஒரு நீள்தொட்டி கட்டி, கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துப் பார்த்தார். அந்த வழியில் வந்த தொட்டி ஒன்று சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையிலும் இருக்கிறது. ஃப்ரூட் சொன்னது இதுதான்: நீளத்தை 96-ஆல் வகுத்தால் எடையை 96-ஆல் வகுத்துவிட முடியாது. 96-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 8,84,736-ஆல் வகுக்க வேண்டும். வேகத்தையும் நேரத்தையுமோ 96-இன் வர்க்கமூலத்தால், அதாவது 9.8-ஆல் வகுக்க வேண்டும்.

கனடாக் கப்பலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். நீளம் 1 மீட்டர் 16 செ.மீ. அகலம் 13 செ.மீ. எடை 3,400 கிராம். நன்றாகத்தான் இருக்கிறது, கையில் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போகலாம். சீ கிங்கின் ரோட்டார் விட்டம் ஏறக்குறைய 20 செ.மீ. ஆகிறது. கடையில் கிடைத்த, 'பிளேடு' பிராண்டின் எம்சிஎக்ஸ் என்ற குட்டி ஹெலிகாப்டரின் ரோட்டார் 19 செ.மீ.; பொருத்தம் அருமை. ஆனால் எடையைப் பாருங்கள். சீ கிங் ஒன்பதரை டன். கணக்குப்படி மாதிரி 11 கிராம்கூட இருக்கக் கூடாது. எம்சிஎக்ஸ் 28 கிராம். அசல் அளவுக்குத் திருப்பிப் பெருக்கினால், ஒன்பதரை டன்னுக்குப் பதிலாக ஏறத்தாழ 25 டன் ஹெலிகாப்டரை அந்தச் சின்னக் கப்பலின் தலையில் உட்காரவைக்கிறோம்.

இனி நேரம். அசல் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப 10 நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் அது ஒரே நொடி. விமானி காத்திருந்த 5 நொடி ஓய்வு இங்கே அரை நொடி. கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதனுக்கு 0.2 நொடி தேவை. மீதி 0.3 நொடியில் இறக்கிவிட வேண்டும்! அலையும் இப்படித்தான். குளத்தில் எழும் 5 செ.மீ. சிற்றலை நம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் கப்பலுக்கு அது 4.8 மீட்டர் உயர அலை. காற்றும் அப்படித்தான்: மரத்து இலை மட்டும் அசைகிற, நொடிக்கு 2 மீட்டர் வேகக் காற்று, இந்தக் கப்பலின் உலகத்தில் மணிக்கு 70 கிலோமீட்டர் சூறை. காற்று ஃப்ரூடின் கணக்குக்கு முழுவதும் அடங்காது, அது உண்மைதான். எடை கூடிய நம் குட்டி ஹெலிகாப்டர் சின்னக் காற்றைக் கொஞ்சம் தாங்கியும் நிற்கும். ஆனாலும் முடிவு மாறாது. சிறிதாக்கினால் எளிதாகும் என்று நினைத்து வருகிறவருக்கு இந்தக் குளத்தில் வட அட்லாண்டிக் காத்திருக்கிறது, பத்து மடங்கு அவசரத்தோடு.

ஆகவே கடலில் விமானி ஓய்வுக்காகக் காத்திருக்கிறார். குளத்தில் காத்திருந்து பயனில்லை. அந்த ஓய்வைப் படகுக்காரர்தான் செய்து கொடுக்க வேண்டும். மாதிரி ஹெலிகாப்டர் தளத்தில் இறங்குவது பறப்பவரின் திறமை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முக்கால் பங்கு அது படகு கட்டியவரின் திறமை என்பேன்.

எப்படிக் கட்டுவது? புதிதாக வருபவர்கள் முதலில் செய்யும் காரியம், அடியில் ஈயக்கட்டியை நிறைய வைப்பது. கவிழாமல் இருக்கும் என்ற எண்ணம். கவிழாதுதான். ஆனால் ஈயம் கீழே போகப் போகக் கப்பல் விறைப்பாகும். விறைப்பான கப்பல் வெடுக் வெடுக்கென்று ஆடும். 13 செ.மீ. அகலமுள்ள இந்தக் கப்பலில் மெட்டாசென்டர் உயரம், அதாவது அந்த விறைப்பின் அளவு, ஒரு செ.மீ. இருந்தால் ஆட்டத்தின் காலம் ஒரு நொடிக்குச் சற்று மேல். அதை இரண்டு செ.மீ. ஆக்கினால் முக்கால் நொடியாகக் குறைந்துவிடும். சரி, ஈயத்தைக் குறைத்தால்? ஆட்டம் மெதுவாகும், ஆனால் ஹெலிகாப்டர் நடுக்கோட்டை விட்டு 5 செ.மீ. தள்ளி உட்கார்ந்தாலே கப்பல் இரண்டு பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். அங்கும் மாட்டிக்கொள்கிறோம்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். எடையின் உயரத்தை மாற்றாமல் அகலத்தில் பரப்புங்கள். பேட்டரி எல்லாவற்றையும் நடுவில் குவித்து வைப்பதுதான் வழக்கம். அதை இரண்டாகப் பிரித்து, அதே உயரத்தில் இடது சுவரோரம் ஒன்று, வலது சுவரோரம் ஒன்று என்று வையுங்கள். கப்பலின் நிலைப்பு அப்படியே இருக்கும். சாய்ந்தால் திரும்ப எழும் பலம் குறையாது. ஆனால் சுழல்வதற்கு அது தயங்கும், ஆட்டம் நீளும். செலவு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட விஷயம் இதுதான். அன்று புரியாத பையனுக்கும் பெண்ணுக்கும் குளக்கரையில் இரண்டு பேட்டரியை நகர்த்திக் காட்டினால் ஒரே நிமிடத்தில் புரியும். அதோடு, அடிப்பகுதியின் இரு வளைவுகளிலும் நீளவாட்டில் மெல்லிய பட்டைகளை ஒட்டுங்கள். அவை ஆட்டத்தின் சக்தியைத் தண்ணீரில் கரைத்துவிடும்.

அளவையும் கொஞ்சம் பெரிதாக்கலாம். 96-க்குப் பதில் 72-இல் ஒரு பங்கு என்றால் அதே கப்பல் 1 மீட்டர் 55 செ.மீ. நீளமும் 8 கிலோ எடையும் ஆகிவிடும். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஆனால் அது தண்ணீரில் உட்காருகிற விதமே வேறு. என்னைக் கேட்டால் 72-தான் சரி. ஹெலிகாப்டர் தேர்வும் அந்த அளவில் விரிவாகிறது.

ஹெலிகாப்டருக்கு வருவோம். எம்சிஎக்ஸ் போன்றவற்றில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார்கள் எதிரெதிராகச் சுற்றும். பிளேடின் கோணம் மாறாது. மேலே போக வேண்டுமானால் வேகமாகச் சுற்ற வேண்டும், இறங்க வேண்டுமானால் மெதுவாக. சாதுவானது, கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் தளத்தில் இறங்கிய பிறகு அதன் கையில் எந்த ஆயுதமும் இல்லை. வேகத்தைக் குறைத்த நொடியில் அது வெறும் 28 கிராம் பொருள். கப்பல் சாய்ந்தால் அதுவும் சறுக்கும். அடுத்த வகையில் பிளேடின் கோணத்தை மாற்ற முடியும். ஏறத்தாழ 45 கிராம் எடையும் 24.5 செ.மீ. ரோட்டாரும் கொண்ட எம்சிபி எக்ஸ் அந்த வகை. 72-இல் ஒரு பங்கு சீ கிங்கின் ரோட்டார் 26 செ.மீ.; பக்கத்தில் வந்துவிடுகிறது. இந்த வகையில் பிளேடைக் கீழ்நோக்கியும் திருப்பலாம். மைதானத்தில் இளைஞர்கள் தலைகீழாகப் பறப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். கப்பலில் அதற்கு வேறொரு பயன் இருக்கிறது.

பிரிட்டனின் லின்க்ஸ் ஹெலிகாப்டர் கப்பலில் இறங்கிய மறுகணம் பிளேடின் கோணத்தைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். தூக்கிக்கொண்டிருந்த ரோட்டார் இப்போது அதையே தளத்தோடு சேர்த்து அழுத்தும். பிறகு அதன் வயிற்றில் இருந்து ஒரு ஈட்டி இறங்கித் தளத்திலுள்ள துளைத் தட்டைக் கவ்விக்கொள்ளும். நம் கையில் இருக்கும் குட்டி ஹெலிகாப்டரிலும் அதே வித்தை உண்டு. கால் தொட்டதும் குச்சியை அடி வரை இழுத்தால், அது தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாதிரி ஹெலிகாப்டர்காரர்களில் பெரும்பாலோருக்கு இது தோன்றுவதே இல்லை. குச்சியை அடியில் வைப்பது அவர்கள் மனதில் சாகசத்தோடுதான் சேர்ந்திருக்கிறது.

அழுத்திப் பிடித்தாயிற்று. அடுத்து மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும், ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. காரணம் கைரோ என்ற சுழற்சி உணரி. இன்றைய ஹெலிகாப்டரின் மின்பலகை, வால் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், உடல் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும். நிலத்தில் அது நல்ல குணம். தளத்தில் உட்கார்ந்திருக்கும்போது கப்பல் வலப்பக்கம் திரும்பினால், தன்னை யாரோ திருப்புவதாக அந்தப் பலகை முடிவு செய்யும். வாலை எதிர்ப்பக்கம் தள்ளும். கப்பல் சாய்ந்தால் ரோட்டாரை எதிர்ப்பக்கம் சாய்க்கும். எவ்வளவு சாய்த்தும் உடல் நகரவில்லை என்பதால் மேலும் மேலும் சாய்க்கும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று ஹெலிகாப்டர் தானாகப் புரண்டு கொட்டகைக் கதவில் பிளேடை அடித்துக்கொள்ளும். காற்று அடித்துவிட்டது என்பார்கள். காற்று இல்லை. ஆடுகிற தரையை அது எதிரியாக நினைத்துவிட்டது, அவ்வளவுதான். டிரான்ஸ்மிட்டரில் மோட்டாரை நிறுத்தும் பொத்தானை விரலுக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பக்கக் கேமராவோடு தானே நிலைத்து நிற்கும் நான்கு விசிறி டிரோன் வைத்திருப்பவர்கள், தங்களுக்கு இது எளிது என்று எண்ணலாம். அந்தக் கேமரா கீழே தெரியும் படத்தை வைத்துத்தான் தன் இடத்தைக் கணிக்கிறது. கீழே பாதி நகரும் தளம், பாதி மின்னும் தண்ணீர் என்றால் அது எதைப் பிடித்து நிற்கும்? குழம்பிப் போய் வழுக்கும். அந்த வசதிகளை அணைத்துவிட்டுக் கையால் பறக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே டிரோன் இங்கே உதவும்.

தளத்தை எப்படி அமைப்பது? வழவழப்பான பெயின்ட் கூடாது. மோட்டார் சுற்றத் தொடங்கும்போது எதிர்விசையில் ஹெலிகாப்டரின் உடல் திரும்பப் பார்க்கும். வழுக்கும் தளத்தில் அது வட்டமடிக்கும். மெல்லிய உப்புத்தாளை ஒட்டிச் சாம்பல் நிறம் அடித்தால் பார்வைக்கும் அசல் கப்பல் தளம் போலவே இருக்கும். இன்னும் நல்லது, கொசுவலைத் துணியை ஒரு சட்டத்தில் இறுக்கிக் கட்டித் தளமாக வைப்பது. கால்கள் அதில் பிடித்துக்கொள்ளும். ரோட்டாரின் காற்றும் வலை வழியாகக் கீழே போய்விடும். கெட்டித் தளத்தில் அந்தக் காற்று மோதித் திரும்பி, ஹெலிகாப்டர் கடைசி அங்குலத்தில் மிதந்துகொண்டே இறங்க மறுக்கும். ரோட்டாரின் பாதி தளத்துக்கு மேலேயும் பாதி தண்ணீருக்கு மேலேயும் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் அந்தத் தாங்கல் கிடைத்து, தண்ணீர்ப் பக்கமாகச் சரியும். செயின்ட் லாரன்ட் போன்ற ஒல்லியான கப்பலில் ரோட்டாரின் இரு முனைகளும் எப்போதும் தண்ணீருக்கு மேல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பிடித்து வைப்பதற்குப் பலர் காந்தம் ஒட்டுகிறார்கள், கால்களில் சிறு இரும்புத் துண்டும் தளத்தின் அடியில் காந்தமுமாக. இறங்கும்போது சரி. கிளம்பும்போதுதான் ஆபத்து. இரண்டு கால்களும் ஒரே நொடியில் விடுபடாது. ஒரு கால் ஒட்டிக்கொண்டிருக்க, மறு கால் எழுந்தால், ஒட்டிய காலையே அச்சாகக் கொண்டு ஹெலிகாப்டர் கவிழும். அசல் ஹெலிகாப்டர்களிலும் விமானிகள் மிகவும் அஞ்சும் விபத்து இது. பயிற்சி விமானிகளுக்குத் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

இதற்கு நம் கையாலேயே ஒரு பேர்டிராப் செய்யலாம். காந்தத்தைத் தளத்தில் ஒட்டாதீர்கள். தளத்துக்கு அடியில் ஒரு சர்வோவின் கையில் பொருத்துங்கள். சர்வோ மேலே தூக்கினால் காந்தம் தளத்தின் அடியை ஒட்டி வந்து ஹெலிகாப்டரைப் பிடிக்கும். இறக்கினால் பிடி அடியோடு விலகிவிடும். அந்த சர்வோவைப் படகின் ரிசீவரில் மீதியுள்ள ஒரு சேனலில் இணையுங்கள். அதாவது பிடிப்பதும் விடுவதும் படகுக்காரர் கையில். ஹெலிகாப்டர்காரரிடம் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கக் கூடாது. அவருடைய இரண்டு கட்டைவிரல்களுக்கும் வேலை இருக்கிறது. கண்ணை எடுக்கவும் முடியாது. கனடாக் கப்பல்களிலும் தாடையை மூடியவர் விமானி அல்ல, தளத்தருகே கூண்டில் உட்கார்ந்திருக்கும் இறக்க அதிகாரிதான்.

இப்படி இரண்டு பேர் ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்ளும்போது பேச்சு வேண்டும், அதுவும் சுருக்கமான பேச்சு. ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் படகையும் கல்லூரி மாணவர் ஒருவர் ஹெலிகாப்டரையும் ஓட்டுகிற ஒரு ஜோடியை நான் பார்த்திருக்கிறேன். "சார், காத்துக்கு நேரா வைங்க" என்பான் மாணவன். "வெச்சாச்சு தம்பி. வேகம் இதே" என்பார் அவர். அதன் பிறகு இறங்கும் வரை ஒரு சொல் கிடையாது. கால் தொட்டதும் "புடிங்க", கிளம்பும்போது "விடுங்க". 'பிடித்துவிட்டேன்' என்று அவர் திருப்பிச் சொல்லாமல் அவன் மோட்டாரை நிறுத்த மாட்டான். வயதில் நாற்பது ஆண்டு இடைவெளி உள்ள இருவர் ஒருவர் கையை ஒருவர் இவ்வளவு நம்புவதை வேறெங்கே பார்க்க முடியும்? வீட்டில் தாத்தாவும் பேத்தியும் செய்யலாம், அப்பாவும் மகனும் செய்யலாம். தனியாக இரண்டு டிரான்ஸ்மிட்டரை மடியில் வைத்துக்கொண்டு செய்ய முயல்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் இந்த விளையாட்டின் பாதி இல்லை என்று நினைக்கிறேன்.

'காற்றுக்கு நேரா' என்றால் மிகச் சரியாக நேர் என்று பொருள் அல்ல. கப்பலின் பின்னால்தான் தளம். முன்னால் கொட்டகைச் சுவர். காற்று முன்னிருந்து வந்தால் அந்தச் சுவரைத் தாண்டிச் சுழித்துத் தளத்தில் விழும். அதனால் அசல் கப்பல்கள் காற்றைச் சற்று ஓரமாக, அணியத்தின் ஒரு பக்கத்திலிருந்து வரும்படி வைத்துக்கொள்ளும். மாதிரியிலும் இருபது முப்பது பாகை ஓரம் நல்லது. வேகம் மிகக் குறைவாகப் போதும். அசலில் 12 நாட் வேகத்தில் போகும் கப்பல், 96-இல் ஒரு பங்கில் நொடிக்கு 63 செ.மீ. போனால் சரி. கரையோரம் சாவகாசமாக நடக்கிற மனிதரின் வேகம் அது. பறப்பவரும் கூடவே நடந்துகொண்டு இறக்கலாம். தூரத்தில் போகும் கப்பலில் இறக்க முயலாதீர்கள். 10 மீட்டர் தள்ளிப் போனாலே ஹெலிகாப்டர் தளத்துக்கு மேலே இருக்கிறதா, அதற்கு அப்பால் இருக்கிறதா என்று கண் ஏமாந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு சொல். ரேடியோ அலை 2.4 கிகாஹெர்ட்ஸில் தண்ணீருக்குள் போகாது. படகின் ரிசீவர் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, முடிந்தால் தளத்துக்கும் மேலே இருக்கட்டும். சிக்னல் போனால் படகின் மோட்டார் நிற்கும்படியும் ஹெலிகாப்டரின் மோட்டார் நிற்கும்படியும் முன்பே அமைத்துவிடுங்கள். மின்பலகைகளில் இணைப்பு முனைகளை விட்டுவிட்டு, நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லப் பூசினால், விழுந்தாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. விழுந்த இடம் தெரிய, வாலில் ஒரு நூலும் நூலின் முனையில் ஒரு சிறு தெர்மோகோல் உருண்டையும். உப்புநீரில் வேண்டாம், குளம், ஏரி, கோடையில் வீட்டு மாடியில் ரப்பர் நீச்சல் தொட்டிகூடப் போதும். 2021-இன் டிரோன் விதிகள் 250 கிராம் வரை உள்ளவற்றை நானோ என்ற வகையில் வைக்கின்றன. நான் சொன்ன ஹெலிகாப்டர்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனாலும் விமான நிலையத்துக்கும் ராணுவ இடங்களுக்கும் பக்கத்தில் எதையும் பறக்கவிடாதீர்கள். அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி இருக்கிறது. கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறும் இடம் அது. அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்த ஆசையோடு வேறு ஏரிக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக, எங்கிருந்து தொடங்குவது. நாசகாரிக் கப்பலிலிருந்து தொடங்காதீர்கள். அதைக் கட்டி முடிக்கவே ஓர் ஆண்டு ஆகும். முதல் வாரமே கைப்பிடிக் கம்பியெல்லாம் உடைந்தால் மனசு விட்டுப் போகும். தெர்மோகோல் பலகையில் ஓர் அடி அகலத்துக்கு ஒரு தட்டையான மிதவை செய்யுங்கள். மேலே கொசுவலை, நடுவில் வெள்ளைப் பெயின்டில் ஒரு வட்டமும் ஒரு குறுக்குக் கோடும். அதை முதலில் தரையிலேயே வைத்து இறங்கப் பழகுங்கள். பிறகு நான்கு மூலைகளிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, யாராவது மெல்ல ஆட்டிவிட, அதில் இறங்குங்கள். அது கைவந்த பிறகு குளத்தில் கரையோடு கட்டி வையுங்கள். அடுத்து ஒரு மோட்டாரும் சுக்கானும் வைத்து நகரவிடுங்கள். இது எல்லாவற்றுக்கும் நம் ஊரில் நல்ல காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியிருக்கும் தை, மாசி மாதங்கள். நேரம் காற்று எழுவதற்கு முந்தைய அதிகாலை. அதற்குள் மிதவை தயாராக இருக்க வேண்டுமானால் வேலையை ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்கள் இந்த அரங்கிலேயே படகு கட்டத் தெரிந்த ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகலாம். சர்வோ காந்த அமைப்பின் வரைபடத்தை வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.